அடிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் எவ்வளவு போகலாம்?

காவிரிப் படுகையில் பள்ளியோ, ஆரம்ப சுகாதார நிலையமோ, கிராம நிர்வாக அலுவலகமோ எது கட்டினாலும், தரையை உயர்த்தித்தான் கட்டுகிறார்கள். கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும் ஊர்களில் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட நெறித்தொகுப்பே, சுற்றுத் தரையிலிருந்து கட்டடத்தின் அடிப்பீடம் குறைந்தது 450 மில்லிமீட்டர் உயர வேண்டும் என்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் அது 900 மில்லிமீட்டர், அதாவது 3 அடி வரைக்கும் போகும். அதே நெறித்தொகுப்பு, சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 450 மில்லிமீட்டர் ஏற 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். 900 மில்லிமீட்டர் ஏற 10.8 மீட்டர் வேண்டும், 9 மீட்டருக்குள் ஓர் இடைத்தளமும் வேண்டும். கும்பகோணத்தில் தெருவை ஒட்டி நிற்கும் ஒடுக்கமான மனைகளில் அத்தனை நீளத்துக்கு இடம் கிடைப்பது அரிது. வெள்ளத்துக்குப் பயந்து ஏற்றிய ஒவ்வோர் அங்குலமும் சாய்தளத்தில் ஓர் அடியாகத் திரும்பி வருகிறது.

கட்டுமானத் தளத்தில் எழும் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. சாய்தளத்தின் அடியில் மழைநீர் வடிகால் குறுக்கே வந்துவிட்டால் ஓரடி குறைக்கலாமா, கொத்தனார் போட்ட தளம் கொஞ்சம் தூக்கலாக முடிந்துவிட்டால் அது விதிமீறலா, அரை அங்குலம் கூடக்குறைய இருந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்பவை எல்லாம் பார்வைக்கு ஒரே கேள்வியாகத் தெரிந்தாலும் ஒன்றல்ல. வரைபடத்திலேயே தெரிந்து குறைப்பது ஒரு வகை. கை வேலையில் தவிர்க்க முடியாமல் நேரும் விலகல் வேறு வகை. கட்டி முடித்த பிறகு மண்ணும் சாலையும் செய்யும் மாற்றம் மூன்றாவது வகை. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளில் "ஏற்கத்தக்க விலகல்" என்ற சலுகை இந்த மூன்றில் நடுவில் உள்ள ஒன்றுக்கு மட்டுமே உரியது.

இதை மிகத் தெளிவாக எழுதிவைத்திருப்பது அமெரிக்காவின் விதி. அங்கே 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் 1991இல் வெளியான முதல் தரவிதிகள், எல்லா அளவுகளும் கட்டுமானத் தொழிலில் வழக்கமாக ஏற்கப்படும் விலகலுக்கு உட்பட்டவை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டன. அந்த ஒரு வரி, தவறு செய்தவர்கள் எல்லோரும் பதுங்கிக்கொள்ளும் இடமாக ஆகக்கூடியது என்பது வாசித்தவுடனேயே தெரியும். 2010ஆம் ஆண்டுத் தரவிதிகள் அதற்கு ஒரு வேலி போட்டன. குறைந்த எல்லை ஒன்றும் அதிக எல்லை ஒன்றும் சேர்த்து வரம்பாகக் கொடுக்கப்பட்ட அளவுகளுக்கு இனி எந்த விலகலும் கிடையாது, மற்றவற்றுக்கு மட்டுமே உண்டு என்று அவை திருத்தின. கழிப்பறைக் கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னால், அந்த 3 அங்குலமே கைத்தவறுக்காக ஒதுக்கிய இடம். 36ஐத் தாண்டி ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, போனாலும் அது மீறல்தான்.

கழிப்பறைப் பீங்கானின் மையக்கோடு பக்கச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதில் இந்த மாற்றம் நன்றாகத் தெரிகிறது. 1991இல் அது 18 அங்குலம் என்ற ஒற்றை எண். தரைக்குள் குழாய் பதிக்கும் வேலையில் அந்த எண்ணை அப்படியே அடிப்பது கடினம். பிறகு சுவரில் ஓடு ஒட்டினால் அதுவும் மாறிவிடும். 2010இல் அது 16 முதல் 18 அங்குலம் என்ற வரம்பாக ஆனது. கட்டுபவருக்குச் சலுகை கிடைத்தது, ஆனால் அந்தச் சலுகை விதிக்கு உள்ளேயே வைக்கப்பட்டது. விதிக்கு வெளியே பேரம் பேச இடமில்லாமல் போனது. ஒற்றை எண்ணைவிட வரம்பு நேர்மையானது என்பதே என் எண்ணம். எங்கள் பக்கத்து எந்தப் பிளம்பரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

"குறைந்தது இவ்வளவு", "அதிகபட்சம் இவ்வளவு" என்று ஒரு பக்க எல்லை மட்டும் உள்ள இடங்களில்தான் சிக்கல் இருக்கிறது. கதவின் திறப்பு, சாய்தளத்தின் சரிவு, வாசற்படியின் உயரம் எல்லாம் இந்த வகை. அமெரிக்கத் தரவிதிகளோடு சேர்த்து வெளியான விளக்கக் குறிப்பு இங்கே ஒரு நல்ல யோசனையைச் சொல்கிறது. விலகல் சலுகை வடிவமைப்புக்கு உரியதல்ல என்று முதலில் அறுதியிடுகிறது. பிறகு, எல்லையைத் தொட்டபடி வரைந்து "கூட்டல் கழித்தல் இவ்வளவு" என்று பக்கத்தில் எழுதாமல், எதிர்பார்க்கும் விலகலை முன்கூட்டியே கழித்துவிட்டு உள்ளே தள்ளி வரையுங்கள் என்கிறது. அதாவது, 12க்கு 1 என்பது கட்டி முடித்த பிறகு மிஞ்ச வேண்டிய எண்ணே ஒழிய வரைபடத்தில் எழுத வேண்டிய எண் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 600 மில்லிமீட்டர் உயரப் பீடத்துக்குச் சரியாக 12க்கு 1 என்று 7.2 மீட்டர் நீளத்தில் வரைந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். தரை மட்டம் நினைத்ததைவிட 20 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலே சரிவு 11.6க்கு 1 ஆகிவிடும். வடிகாலுக்காக 2 அடி நீளத்தை விட்டுக்கொடுத்தால் 11க்கு 1 ஆகிவிடும். அதே சாய்தளத்தை முதலிலேயே 14க்கு 1 என்று 8.4 மீட்டரில் வரைந்திருந்தால், 20 மில்லிமீட்டர் தவறிய பிறகும் 13.5க்கு 1 என்று விதிக்குள்ளேயே நின்றிருக்கும். இடமே இல்லாத மனையில் இந்த 1.2 மீட்டருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் அதற்கு விடை சாய்தளத்தைத் திருப்பி மடக்கிப் போடுவதிலோ, பக்கவாட்டு வழியிலிருந்து ஏற்றுவதிலோ, மின்தூக்கி அமைப்பதிலோ இருக்கிறது. விலகல் சலுகையில் இல்லை.

தொழில் வழக்கம் எவ்வளவு விலகலை ஏற்கிறது என்பதற்கு நம்மிடமும் எழுதிய தரங்கள் உண்டு. அவற்றை அணுகல் விதியோடு சேர்த்துப் படிப்பவர்கள்தான் குறைவு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 456, தூண், உத்தரம் ஆகியவற்றின் குறுக்களவு 12 மில்லிமீட்டர் கூடலாம், 6 மில்லிமீட்டர் குறையலாம் என்கிறது. செங்கல் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 2212, ஒரு தளத்துக்குள் 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் சுவர் தூக்குக்குண்டிலிருந்து விலகக் கூடாது என்கிறது. செங்கலுக்கான ஐ.எஸ். 1077 இன்னும் சுவையானது. அது ஒற்றைக் கல்லை அளக்கச் சொல்வதில்லை. 20 கற்களை வரிசையாக அடுக்கி மொத்த நீளத்தைப் பார்க்கச் சொல்கிறது. 230 மில்லிமீட்டர் கல்லானால் அந்த வரிசை 4520 முதல் 4680 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சூளையில் வேகும் களிமண் ஒன்றுபோல் சுருங்காது என்பதை அறிந்து எழுதிய விதி அது. இந்த எண்கள் கட்டடம் விழாமல் நிற்பதற்காகவும் பூச்சு ஒழுங்காக அமைவதற்காகவும் எழுதப்பட்டவை. சக்கர நாற்காலி திரும்புவதற்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று பார்த்து எழுதப்பட்டவை அல்ல. ஆகவே "தொழில் தரத்துக்குள்தான் இருக்கிறது" என்ற பதில், சுவரைப் பற்றி உண்மையாக இருந்தாலும் கழிப்பறையைப் பற்றி உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

கழிப்பறையில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சக்கர நாற்காலி முழு வட்டமாகத் திரும்ப 1500 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். நம் ஊர் வரைபடங்கள் பெரும்பாலும் செங்கல் முகத்திலிருந்து செங்கல் முகம் வரை அளவு காட்டுகின்றன. அறையின் அகலம் சரியாக 1500 என்று வரைந்தால், பக்கத்துக்கு 12 மில்லிமீட்டர் பூச்சு, அதன்மேல் ஒட்டும் பசையும் ஓடும் சேர்ந்து இன்னொரு 11 மில்லிமீட்டர் போய்விடும். இரண்டு பக்கமும் சேர்த்து 46 மில்லிமீட்டர் கழிந்து 1454 மிஞ்சும். இதில் எவரும் பிழை செய்யவில்லை. சுவர் தூக்குக்குண்டுக்குச் சரி, பூச்சு சரி, ஓடும் சரி. அளவு தொலைந்த இடம் வரைபடம்தான். இதன்மேல் சுவரின் உண்மையான விலகலும் சேர்ந்தால் ஒன்றன் தலையில் ஒன்று ஏறி, முடிவில் நாற்காலியின் கால்தாங்கி சுவரில் இடிக்கும். முடிந்த முகத்திலிருந்து முடிந்த முகம் வரை என்று வரைபடத்தில் ஒரு வரி எழுதினால் இந்தப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

கதவும் அப்படித்தான். தடையற்ற அணுகலுக்கான மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த நெறிமுறைகள் கேட்ட தடையில்லாத திறப்பு 900 மில்லிமீட்டர். மூன்றரை அடி நிலை போட்டுவிட்டோம், தாராளம் என்று தச்சர் சொல்வார். மூன்றரை அடி என்பது நிலையின் வெளியளவு. 4க்கு 3 அங்குலச் சட்டத்தில் இரண்டு பக்கமும் 3 அங்குலம் போக 915 மில்லிமீட்டர் நிற்கும். கதவை 90 பாகைக்குத் திறந்தால் கதவுப் பலகையின் கனம் உள்ளே நீட்டிக்கொண்டு ஏறத்தாழ ஓர் அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 890. பற்றாக்குறை 10 மில்லிமீட்டர், மூன்று நூலுக்குச் சற்று மேல். இந்த மூன்று நூலைக் கைவேலையின் விலகல் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நிலை நினைத்தபடியே துல்லியமாக வந்திருக்கிறது. எதை அளக்க வேண்டும் என்பதில்தான் பிசகு.

அளவை எங்கே, எதைக்கொண்டு எடுப்பது என்பதும் விதியைப் போலவே முக்கியம். சாய்தளத்தின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து, உயர வேறுபாட்டை நீளத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரிச் சரிவு. அது அழகாக 12க்கு 1 என்று வரலாம். ஆனால் நாற்காலியின் சக்கரம் சராசரியின் மேல் உருள்வதில்லை. 2 அடி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் 600 மில்லிமீட்டருக்கு 50 மில்லிமீட்டர் ஏற வேண்டிய இடத்தில், தளத்தின் அலையால் 55 மில்லிமீட்டர் ஏறியிருக்கும். அந்த இரண்டடி 11க்கு 1 சரிவாகிவிட்டது. கையால் தள்ளிக்கொண்டு தனியாக ஏறுபவர் பின்னுக்கு நழுவுவது அந்த இரண்டடியில்தான். மொத்தச் சரிவுக்கு ஓர் எல்லை, குறுகிய நீளத்தில் தென்படும் அலைக்குத் தனியாக ஓர் எல்லை என்று இரண்டையும் பிரித்துச் சொல்லாத விதி, அளப்பவர் கையில் இருக்கும் கருவிக்கு ஏற்பத் தீர்ப்பை மாற்றிவிடும். நீளத்தைத் தரையோடு கிடையாக அளப்பதா, சாய்வின்மீது அளப்பதா என்ற வாதத்தை மட்டும் விட்டுவிடலாம். 7.2 மீட்டரில் அந்த வேறுபாடு 25 மில்லிமீட்டர்தான்.

வரைபடம் மில்லிமீட்டரில் வருகிறது, மேஸ்திரி அடி, அங்குலம், நூலில் வேலை செய்கிறார். இதனால் தவறு பெருகும் என்று பலர் நினைக்கிறார்கள்; அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. 1200ஐ அவர் 4 அடி என்று எடுத்தால் 1219 வரும், 1500ஐ 5 அடி என்று எடுத்தால் 1524 வரும். "குறைந்தது" என்ற எண்கள் எல்லாம் முழு அடியாக்கும்போது பாதுகாப்பான பக்கமே சாய்கின்றன. சரிவோ இன்னும் எளிது, 12க்கு 1 என்பது அடிக்கு ஓர் அங்குலம். எந்தக் கொத்தனாருக்கும் விளக்கம் தேவையில்லை. எச்சரிக்கை வேண்டியது "அதிகபட்சம்" என்ற எண்களில். வாசற்படியின் 12 மில்லிமீட்டர் எல்லை அரை அங்குலம் ஆகும்போது 12.7 ஆகிவிடுகிறது. அந்த 0.7 பெரிதல்ல, ஆனால் அரை அங்குலம் என்று சொன்ன பிறகு கிரானைட் பட்டையும் அதன்கீழ் சாந்தும் சேர்ந்து முக்கால் அங்குலமாவது வழக்கம்.

இந்தியாவில் இந்தப் பேச்சு ஏன் இப்போது கூர்மையாகிறது என்பதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக் கட்டடத்துக்குத் தடையற்ற அணுகல் வேண்டும் என்றது. எண் எதுவும் தரவில்லை. படிக்கட்டின் ஓரத்தில் படியின் சரிவிலேயே சிமென்ட் பூசிய சாய்தளங்கள் டெல்டாவின் பள்ளிகளில் இருக்கின்றன, அவையும் சாய்தளம் என்றே பதிவாகியிருக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதை மாற்ற முயன்றது. 40ஆம் பிரிவு மத்திய அரசு தரவிதி வகுக்க வேண்டும் என்கிறது. 44ஆம் பிரிவு அந்த விதிக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியும் இல்லை, கட்டிய பிறகு நிறைவுச் சான்றும் இல்லை என்கிறது. 45ஆம் பிரிவு ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. 2017இல் வந்த விதிகளின் 15ஆம் விதி, 2016ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த நெறிமுறைகளைச் சுட்டியது. பின்னர் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு அதன் இடத்துக்கு வந்தது.

ஆனால் அந்த நெறிமுறைகள் பரிந்துரைக்கும் தொனியில் எழுதப்பட்டவை. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதைத்தான் பிடித்தது. சட்டம் கட்டாய விதியைக் கேட்கிறது, 15ஆம் விதியின் முதல் உட்பிரிவோ விருப்பத்துக்கு விட்ட வழிகாட்டுதலைத் தருகிறது, ஆகவே அது சட்டத்தை மீறியது என்றார்கள் நீதிபதிகள். பேரம் பேச முடியாத கட்டாய விதிகளை மற்ற நெறிமுறைகளிலிருந்து பிரித்தெடுத்து மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்கள். நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையம் நீதிமன்றத்துக்குத் தந்த அறிக்கை இந்தத் தீர்ப்புக்குப் பின்புலமாக இருந்தது.

பரிந்துரை கட்டாயமாக மாறும் நாளில்தான் விலகல் பற்றிய விதி தேவைப்படுகிறது. பரிந்துரைக்கு விலகல் சலுகை வேண்டாம், அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. நிறைவுச் சான்று ஓர் எண்ணைச் சார்ந்து நிற்கும்போது, 11.9க்கு 1 என்று வந்த சாய்தளத்தை அதிகாரி என்ன செய்வார்? விதி ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டு வழிதான் உண்டு. கண்டிப்பானவர் இடிக்கச் சொல்வார். மற்றவர் "பரவாயில்லை" என்று கையெழுத்திடுவார், அந்தப் பரவாயில்லைக்கு எல்லை இருக்காது. 11.9க்கு 1 தாண்டியது போலவே 9க்கு 1 தாண்டும். எந்த அளவுக்கு விலகல் உண்டு, எதற்கு இல்லை, எவ்வளவு, எப்படி அளப்பது என்று எழுதிவைப்பதைக் கட்டுபவருக்குத் தரும் சலுகை என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் அது அதிகாரியின் கைக்குப் போடும் கட்டு.

மூன்றாவது வகை மாற்றம் டெல்டாவுக்கே உரிய தலைவலி. கட்டடம் அடித்தளத்தின் மேல் நிற்கிறது, அதன் முன்னால் போட்ட சாய்தளமோ பெரும்பாலும் நிரப்பிய மண்ணின் மேல் கிடக்கிறது. மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் களிமண்ணில் இரண்டும் ஒன்றுபோல் இறங்குவதில்லை. திறப்பு விழா அன்று சமமாக இருந்த சந்திப்பில் இரண்டு மழைக்காலம் கழித்து ஓர் அங்குலப் படி எழுந்துவிடும். முன்சக்கரம் சிறிதாக உள்ள நாற்காலிக்கு அந்த ஓர் அங்குலம் சுவர். கீழ்முனையிலோ எதிர்மாறாக நடக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, சாய்தளத்தின் அடி பள்ளத்தில் விழுந்து, மழை நின்ற பிறகும் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும். கட்டுமான விலகல் என்ற சலுகையில் இவை இரண்டும் அடங்கா. அமெரிக்க ஒழுங்குமுறை இதற்கென்று தனிக் கடமை வைத்திருக்கிறது: அணுகல் வசதிகளைப் பயன்படுத்தத்தக்க நிலையில் தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்பது கட்டுமான அளவிலிருந்து பிரிந்த, தனித்த பொறுப்பு. நம்முடைய நிறைவுச் சான்று ஒரு நாளின் அளவை மட்டுமே பார்க்கிறது.

குளியலறையில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஓர் அங்குலம் தாழ்த்திக் கட்டும் பழக்கமும் இதே இடத்தில் மோதுகிறது. 25 மில்லிமீட்டர் தாழ்வு 12 மில்லிமீட்டர் எல்லையைவிட இரண்டு மடங்கு. தண்ணீரை நிறுத்துவது அந்தப் படியல்ல, தரையின் வாட்டமும் வடிகால் இருக்கும் இடமும்தான் என்பதை மேஸ்திரிகள் அறிவார்கள். வாசலை ஒட்டி நீளவாக்கில் ஒரு வடிகாலைப் போட்டு, எதிர்ச் சுவரிலிருந்து அதை நோக்கி மெல்லிய வாட்டம் கொடுத்தால் படியே இல்லாமல் முடிக்கலாம். வாட்டத்துக்கும் எல்லை உண்டு, அமெரிக்க விதியில் நாற்காலி திரும்பும் இடத்தில் அது 48க்கு 1. ஆறடி அறையில் அது ஒன்றரை அங்குல வீழ்ச்சி. நீர் ஓடுவதற்கு அதில் பாதியே போதும். மீதிப் பாதி ஓடு பதிப்பவரின் கைத்தவறுக்கு இருக்கும் இடம். அதை ஓடு பதித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை, கீழே சாந்துப் படுகை போடும் நாளிலேயே ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்.